மழைக்கோட்டுக்குள் இருந்த பதவி

முத்தையாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் இந்தக் கல்கத்தாவில் பார்த்ததில்லை. இதை அவர் முகத்துக்கு நேரேயே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "உள்ளதைத்தானே சொல்லுதீய டீச்சர்" என்று சிரித்துவிட்டு, மாடிப்படியில் எனக்கு வழிவிட்டு ஓரமாக நிற்பார். லேக் கார்டன்ஸில் எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இரண்டே வீடுகள். ஒன்றில் நான், மற்றதில் அவரும் அவர் மனைவி கமலமும். பதினேழு வருடமாக எதிரெதிர்க் கதவு. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பயப்படுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுமை இருக்காது.

அவருடைய பயம் பேய், பாம்பு பற்றியதல்ல. அதிகாரம் உள்ளவர்களைப் பற்றியது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் போதும், கரண்டு கணக்கெடுக்க வருகிறவன்கூட அவருக்கு 'சார்'. காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் காக்கிச் சட்டை போட்டிருந்தால் அவரும் 'சார்'. "யாரை எப்படிக் கூப்பிடணுமோ அப்படிக் கூப்பிட்டுட்டா பாதி ஆபத்து கழிஞ்சிரும் டீச்சர்" என்பார். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இருபது வயதில் இங்கே வந்தவர். முப்பத்தைந்து வருடம் கிதிர்பூரில் கப்பல் சரக்கு இறக்கும் ஒரு தனியார் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்து, யாரையும் தப்பாகக் கூப்பிடாமல் ஓய்வு பெற்றுவிட்டார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே மகள். அவள் ராணுவத்தில் சேர்ந்தாள்.

சங்கவி அலிப்பூரில் ராணுவ நர்சிங் படிப்பு படித்தாள். முடித்த கையோடு லெப்டினென்ட் ஆனாள். பெற்றோரே மகள் தோளில் நட்சத்திரம் குத்தும் விழாவுக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். அன்று முத்தையா செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வாசலில் கார்களை வரிசையாக நிறுத்தச் சொல்லிக் கைகாட்டிக்கொண்டிருந்த ஜவானை 'கர்னல் சார்' என்று கும்பிட்டார். அப்புறம், டீ-சர்ட்டும் கான்வாஸ் ஷூவுமாக மரத்தடியில் நின்ற ஒருவரிடம் போய், "பையா, பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று வேலையாளைக் கேட்பதுபோல இந்தியில் கேட்டார். அவர் ஒரு பிரிகேடியர். மகளைப் பார்க்க விடுப்பில் வந்திருந்தாராம். பாவம், அவரே கூட நடந்து வந்து பாத்ரூமைக் காட்டிவிட்டுப் போனார். விஷயம் தெரிந்ததும் முத்தையாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார். போங்கய்யா என்று சொல்லிவிட்டேன்.

சங்கவி வீட்டுக்கு வந்ததும் அவருக்குப் பாடம் எடுத்தாள். தோளைப் பார்க்க வேண்டும். ரெண்டு நட்சத்திரம் லெப்டினென்ட், மூன்று கேப்டன், சிங்க முத்திரை மட்டும் என்றால் மேஜர், சிங்கமும் ரெண்டு நட்சத்திரமும் கர்னல். நட்சத்திரத்துக்குக் கீழே சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை இருந்தால் அவர் சுபேதார் வகை, அவரைச் 'சாப்' என்பார்கள்.

"தோள் தெரியலைன்னா?" என்று கேட்டார் முத்தையா.

"தெரியலைன்னா 'சார்'னு சொல்லுங்க. போதும்."

"சுபேதாரா இருந்துட்டா?"

"அப்பவும் சார்தான். ஆரே பாபா! நீங்க சிவிலியன் அப்பா. யார் உங்களைப் பனிஷ் பண்ணப் போறாங்க?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவருக்கு அது போதவில்லை. ஏன் போதவில்லை என்பது பிறகொரு நாள், துர்கா பூஜை விடுமுறையில், என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்ததாம். கூலியாளுக்கு விரல் நசுங்கினால் அவன் வீட்டுக்குப் பியூன் போய்ச் சொல்வான். கை, கால் போனால் சூப்பர்வைசர் போவார். உயிரே போனால் மானேஜர் காரில் போவார். மானேஜர்களுக்கு வங்காளத்தில் நாலு வார்த்தைக்கு மேல் தெரியாது என்பதால், வங்காளமும் இந்தியும் கற்றிருந்த முத்தையாவை முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார்கள். அப்படி ஒன்பது வீடுகளுக்குப் போயிருக்கிறார்.

"அந்த மானேஜரு காலையில அந்தக் கூலிக்காரப் பயல 'ஏய், துய்'னு, டேய் நீன்னுதான் கூப்பிட்டிருப்பாரு டீச்சர். சாயங்காலம் அவன் அப்பன்கிட்டப் போயி 'ஆப்னி', நீங்கன்னு மரியாதையாப் பேசுவாரு. அந்த வீட்டு வாசல்ல அந்த மாதிரி ஆளு அதுவரைக்கும் யாரையும் ஆப்னின்னு கூப்பிட்டதில்ல. அதைக் கேட்ட உடனே பொம்பளைங்க அலறிருவாவ. நான் சேதியே சொல்லிருக்க மாட்டேன். மரியாதையிலேயே அவங்களுக்குத் தெரிஞ்சு போகும்."

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அது அவர் காதில் ஏறவில்லை. வருகிற ஆளின் பதவி எவ்வளவு பெரிதோ, கொண்டுவருகிற சேதியும் அவ்வளவு பெரிது. அது அவர் எலும்பிலேயே இறங்கிவிட்டது. மகளோ ராணுவத்தில்.

போன ஜூன் மாதம் சங்கவி வடக்கே மலையில் ஒரு சிறிய ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒரு புதன்கிழமை அங்கே பேய்மழை. மலை சரிந்து சாலைகள் போயின, பாலம் போயிற்று, டெலிபோன் கோபுரங்களும் போயின. அன்று காலைதான் அவள் அம்மாவிடம் பேசியிருந்தாள். ஒரு நோயாளியை ஆம்புலன்ஸில் கீழே கொண்டுபோகப் போவதாகச் சொல்லியிருந்தாள். அதன்பிறகு பேச்சில்லை. வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. டிவியில் காட்டுகிற சேற்றைப் பார்க்கத் தைரியமில்லாமல், "நீங்க பாத்துட்டு நல்லதா இருந்தா மட்டும் சொல்லுங்க டீச்சர்" என்று முத்தையா என்னிடம் ஒப்படைத்துவிட்டார். நல்லதாக ஒன்றும் இல்லை. நானும் சொல்லவில்லை. கமலம் மட்டும் எப்போதும்போல மாவாட்டினாள், துணி துவைத்தாள்.

சனிக்கிழமை பகல் பதினொரு மணி இருக்கும். விடாத மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். என் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. முத்தையா நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"டீச்சர், கீழ மிலிட்டரி வண்டி."

பால்கனிக்கு ஓடினோம். பச்சை நிற ஜிப்சி ஜீப் ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றது. நம்பர் பலகையில் ராணுவ வண்டிகளுக்கே உரிய மேல்நோக்கிய அம்புக்குறி. பின்னாலிருந்து ஒருவர் இறங்கினார். கடையில் விற்கிற சாதாரண நீல மழைக்கோட்டு, தலைவரை மூடியிருந்தது. தோள் தெரியவில்லை. டிரைவர் குடையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். அவர் வேண்டாம் என்று கையசைத்தார்.

"குடை பிடிக்க வாரான். அப்ப பெரிய ஆளு" என்றார் முத்தையா. உடனே, "வண்டியில ஜெனரலுக்கு வைக்கிற ஸ்டார் பிளேட் இல்ல. அப்ப ரொம்பப் பெரிய ஆளு இல்ல. இல்லியா டீச்சர்? குடை வேண்டாம்னுட்டாவளே. பெரிய ஆளுன்னா குடை வேண்டாம்பாவளா?" என்றார். பதினேழு வருடத்தில் என்னைத் தொட்டறியாத மனிதர், என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. முதல் மாடியில் பூட்ஸ் சத்தம் நின்றது. யாரிடமோ விசாரித்தார்கள். மறுபடி ஏறும் சத்தம். நாங்கள் இருவரும் மாடிப்படி முகப்பில் நின்றோம். வருகிறவர் ஒரு சாதாரண ஹவில்தாராக இருக்க வேண்டும், ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்க வந்தவராக இருக்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன். இதையெல்லாம் கேலி செய்தவள் நான். அந்த நிமிடம் முத்தையாவின் கணக்கு முழுவதையும் நம்பினேன்.

அவர் மேலே வந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியில் மழைத்துளி, மழைக்கோட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கதவின் எண்ணைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். முத்தையா வாயைத் திறந்தார். காலமெல்லாம் பழகி வைத்திருந்த அந்த ஒரு 'சார்' கூட அவருக்கு வரவில்லை. காற்றுதான் வந்தது.

"சார்," என்றார் வந்தவர், இந்தியில், ரொம்பவும் தணிவாக. "நீங்கள்தானே முத்தையா சார்?"

அந்த மரியாதையைக் கேட்டதும் முத்தையா சுவரில் சாய்ந்துவிட்டார். எனக்கும் புரிந்துவிட்டது. ஒரு ராணுவத்துக்காரர் மூன்று மாடி ஏறி வந்து, ஓய்வு பெற்ற டைம்கீப்பரை இரண்டு தடவை சார் என்கிறார்.

வந்தவர் சொட்டுகிற கோட்டோடு வீட்டுக்குள் வரக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, கழுத்துப் பொத்தானில் கைவைத்தார். அவ்வளவுதான். முத்தையா பாய்ந்தார். இரண்டு கையாலும் அந்த மழைக்கோட்டின் கழுத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"கழட்டாதீய! கழட்டாதீய! டீச்சர், கழட்ட வேண்டாம்னு சொல்லுங்க. தோளைப் பாத்தா தெரிஞ்சிரும். இப்படியே இருக்கட்டும். இப்படியே இருக்கட்டும் டீச்சர்!"

பின்னாலேயே ஏறி வந்த டிரைவர், தன் அதிகாரியின் சட்டையை ஒரு கிழவர் பிடித்திருப்பதைக் கண்டு முன்னால் பாய்ந்தான். வந்தவர் ஒரு கையை நீட்டி அவனைத் தடுத்தார். மற்றக் கையால் முத்தையாவின் முதுகைத் தாங்கிக்கொண்டார். நான் அவரிடம் இந்தியில் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கோட்டில் ஆறு பொத்தான் இருந்தன. அவற்றை எண்ணிக்கொண்டு நின்றேன். ஆறும் மூடியிருக்கும்வரை எங்கள் சங்கவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

சத்தம் கேட்டுக் கமலம் வெளியே வந்தாள். கையெல்லாம் அரிசி மாவு. அவள் இந்த ஊரில் யாரையும் சார், மேடம் என்று கூப்பிட்டதே கிடையாது. போலீஸ்காரர் என்றாலும் தாதா, அண்ணன்தான்; கவுன்சிலர் என்றாலும் தீதி, அக்காதான். கணவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேராக அந்த ஆளின் முகத்தைப் பார்த்தாள்.

"பேட்டா," என்றாள். "மேரி பேட்டி ஹை?"

மகனே, என் மகள் இருக்கிறாளா. அவ்வளவுதான் கேள்வி. மூன்று மொழி படித்த எனக்கு அது வாயில் வரவில்லை.

"ஹை, மாஜி," என்றார் அவர் உடனே. "ஹை. உயிரோடு இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள்."

பிறகு மடமடவென்று சொன்னார். அவர் சங்கவி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர். மண்ணுக்குள் சிக்கிய ஆம்புலன்ஸிலிருந்து அவளை இரண்டாம் நாள் எடுத்தார்களாம். வலது கால் முறிந்திருக்கிறது. இன்று காலை விமானத்தில் அவரே கூட்டிவந்து அலிப்பூர் ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கிறது, பயமில்லை. "வீட்டு வாசலில் கால் வைத்ததும் முதலில் 'நன்றாக இருக்கிறாள்' என்று சொல்லுங்கள், அப்பா ரொம்பப் பயப்படுவார் என்று சொல்லித்தான் அனுப்பினாள். இவர்தான் அப்பா என்பதை உறுதி செய்துகொண்டு சொல்ல நினைத்தேன். அதற்குள் என் கழுத்தைப் பிடித்துவிட்டார்" என்றார். காலை ஆறு மணியிலிருந்து முத்தையாவின் எண்ணுக்குப் பதினோரு தடவை போன் செய்தார்களாம்.

"போன் எங்க?" என்றாள் கமலம்.

அது அரிசி டப்பாவுக்குள் இருந்தது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்ததும் பயந்துபோய், மணியோசை கேட்காமல் இருக்க, அரிசிக்குள் புதைத்து மூடிவிட்டாராம். இவர் பயந்து போனை எடுக்காததால்தான் அந்த மனிதர் நேரில் வர வேண்டியதாயிற்று. அவர் நேரில் வந்ததால் இவர் சாகப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அழுகையும் கூடவே வந்தது.

முத்தையா படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பிறகு துள்ளி எழுந்து, "சார்... சாப்... மேஜர் சாப்... கர்னல் சார்... மாப் கீஜியே" என்று தெரிந்த பதவியெல்லாம் வரிசையாகச் சொல்லிக் கும்பிட்டார். வந்தவர் கோட்டைக் கழற்றினார். தோளில் சிங்கமும் இரண்டு நட்சத்திரமும். கர்னலேதான்.

"பாத்தீரா முத்தையா, கர்னலே வந்தும் நல்ல சேதிதான். உம்ம கம்பெனிக் கணக்கைக் குப்பையில போடும்" என்றேன் நான். எனக்கு வாய் திரும்பிவிட்டது.

கமலம் காப்பி போட உள்ளே போனாள். கர்னல் உட்காரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். டாலிகஞ்சில். ஆம்புலன்ஸை ஓட்டிய தீபாங்கரின் வீடு. அவனையும் அதே விமானத்தில்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். அவன் உயிரோடு வரவில்லை. அவன் அம்மா தனியாக இருக்கிறார்களாம்.

முத்தையாவின் கணக்கு தப்பவில்லை. கர்னல் புறப்பட்டது அந்த வீட்டுக்குத்தான். எங்கள் வீடு போகிற வழியில் இருந்தது. கொஞ்சம் முன்னால் நான் பேசிய பேச்சை நினைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நான் டாக்டர்," என்றார் கர்னல். "ஆஸ்பத்திரிக்குள் இதைச் சொல்லிப் பழக்கம் உண்டு. வீட்டு வாசலில் நின்று சொன்னதில்லை. எனக்கு வங்காளம் வராது. அந்த அம்மாவை எப்படிக் கூப்பிடுவது? மேடம் என்றா?"

"மேடம் வேண்டாம் சார்," என்றார் முத்தையா அவசரமாக. அவருடைய உடைந்த இந்தி அப்போது தெளிவாக வந்தது. "மேடம்னு கேட்ட உடனே அவங்களுக்குத் தெரிஞ்சிரும். 'மாஷிமா'ன்னு, சித்தி மாதிரி கூப்பிடுங்க. மகனோட சிநேகிதங்க அப்படித்தான் கூப்பிட்டிருப்பாங்க. வாசல்ல வெச்சுச் சொல்ல வேண்டாம். உள்ள போயி, உக்கார வெச்சு, பக்கத்துல நீங்களும் உக்காந்து சொல்லுங்க."

"மாஸிமா" என்றார் கர்னல். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. காப்பியை இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்தார். கோட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். இறங்கும்போதும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே போவது எங்களுக்குக் கேட்டது.

முத்தையா கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றார். திடீரென்று செருப்பில் காலை நுழைத்தார்.

"எங்க போறீய?" என்றாள் கமலம். "பிள்ளையப் பாக்க வேண்டாமா?"

"நீ டீச்சரோட போ. நம்ம பிள்ளை இருக்கா, நான் பொறவு வாரேன். அந்த மனுசனுக்கு ஒரு வார்த்தை வங்காளம் தெரியாது கமலம். அந்த அம்மா கேக்கிறதுக்கு யாரு பதில் சொல்லுவா?"

பால்கனியிலிருந்து பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஜிப்சியின் கதவைத் தட்டினார். ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்த இரண்டு தடவை இழுத்தார், முடியவில்லை. டிரைவர் இறங்கி வந்து சாத்தினான்.

கமலமும் நானும் டாக்சி பிடித்து அலிப்பூர் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆபரேஷன் முடிந்து சங்கவியைப் படுக்கவைத்திருந்தார்கள். முகமெல்லாம் சிராய்ப்பு. மயக்கம் முழுக்கத் தெளியவில்லை. அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு எங்களுக்குப் பின்னால் தேடினாள்.

"அப்பா எங்க? பயந்துட்டாரா?"

"ஆமாட்டி, ரொம்பப் பயந்துட்டாவ" என்று அவள் நெற்றியைத் தடவினாள் கமலம். "இப்ப உங்க கர்னல் தம்பியோட டாலிகஞ்ச் வரைக்கும் போயிருக்காவ."

நான் கமலத்தின் சேலையைப் பிடித்து இழுத்தேன். காலம் கடந்துவிட்டது. சங்கவியின் சிரிப்பு நின்றது. டாலிகஞ்சில் இருப்பது தீபாங்கரின் வீடு, கர்னல் எதற்காக அங்கே போவார் என்பது அவளுக்குத் தெரியும். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, தன் முகத்தை மூடிக்கொண்டாள்.